பெயர் எழுதி ஆடிய ஆட்டம்

(திருப்பூர் மாவட்டம் அருள்புரத்தில் இளைஞர்களும் பெற்றோர்களும் ஆசிரியர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பெருந்தொற்றுக் காலத்தில் நம் தெருப் பிள்ளைகளுக்குக் கால்பந்து ஆட்டம் நடத்தியதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஊரே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் பந்து உதைத்ததைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். நிறைய இருக்கிறது. ஆபத்துக் காலத்தில் ஓர் ஊர் தன் பெரியவர்களை எப்படி நடத்தியது என்பதற்குக் கணக்கு உண்டு, செய்தி உண்டு, ஆவணம் உண்டு. தன் பிள்ளைகளை எப்படி நடத்தியது என்பதற்கு என்ன உண்டு? அந்தப் பிள்ளைகளின் நினைவு மட்டுமே உண்டு. அந்த நினைவுக்காகப் பேசுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒரே செய்திதான். பிள்ளைகளுக்கு ஆட்டம் நடத்துகிறவன் செய்யும் முதல் வேலை, பிள்ளைகளைக் கணக்கில் வைப்பது. இன்று யார் வந்தார்கள்? யார் வரவில்லை? ஏன் வரவில்லை? இந்த மூன்று கேள்விகளை நாள்தோறும் கேட்பவன்தான் ஆட்டத்தை நடத்துகிறான். பந்து அதற்குப் பிறகு வருவது.

அந்த நாட்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச் 11 அன்று கொரோனாவைப் பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு. அன்று நள்ளிரவு கடந்ததும் நாடு முழுவதும் ஊரடங்கு. பல்லடம் ரோட்டில் வண்டிச் சத்தம் நின்றது. நிட்டிங் மெஷின் நின்றது. துணி தைக்கும் பவர் டேபிள் நின்றது. சாயப்பட்டறை பாய்லரின் புகை நின்றது. சனிக்கிழமைச் சம்பளம் நின்றது. எல்லாம் நின்றுபோன ஊரில் நிற்காமல் இருந்தது ஒன்றுதான். அது பிள்ளைகளின் கால்.

வீட்டிலேயே இருங்கள் என்றார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் எந்த வீட்டில்? லைன் வீட்டைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பத்துக்குப் பத்து அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே துணிக்கொடி, அதிலேயே படுக்கை. ஒரு வரிசைக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி, பொதுக் கழிப்பறை. அந்த அறைக்குள் அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயில். அங்கே பன்னிரண்டு வயதுப் பையன் எங்கே போய் உட்காருவான்? எத்தனை நாள் உட்காருவான்?

மே மாதம் வந்தது. கம்பெனிகள் மெல்ல மெல்லத் திறந்தன. தாயும் தந்தையும் வேலைக்குப் போனார்கள். போகாவிட்டால் அடுப்பு எரியாது. கம்பெனி திறந்தது, பள்ளிக்கூடம் திறக்கவில்லை. இந்த இடைவெளியில்தான் நம் பிள்ளைகள் விழுந்தார்கள்.

அந்த இடைவெளி எவ்வளவு நீளம் தெரியுமா? 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, 10, 12ஆம் வகுப்புகளுக்கு 2021 ஜனவரி 19 அன்றுதான் திறந்தது. 9, 11ஆம் வகுப்புகளுக்குப் பிப்ரவரி 8. அடுத்த மாதமே அவர்களுக்கு மறுபடியும் மூடல். பிறகு இரண்டாம் அலை. 9 முதல் 12 வரை செப்டம்பர் 1 அன்று திறந்தார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படித்த சிறுவர்களுக்கு எப்போது திறந்தது? 2021 நவம்பர் 1. பத்தொன்பது மாதங்களுக்கு மேல்! ஒரு குழந்தையின் வாழ்க்கையில் பத்தொன்பது மாதம் என்பது சின்னக் காலமா? ஐந்தாம் வகுப்பில் வீட்டுக்குப் போன குழந்தை ஏழாம் வகுப்பில் திரும்பி வந்தது.

பெற்றோர் வேலைக்குப் போன அந்த நேரத்தில் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? சுவர் ஏறிக் குதித்தார்கள். முள்ளுக்காட்டுக்குப் பின்னால் போனார்கள். ஆடாதே என்று சொன்னதால் ஆடாமல் இருந்துவிடவில்லை. ஒளிந்து ஆடினார்கள். முப்பது பேர் ஒரே பந்துக்குப் பின்னால் ஓடினார்கள். ஒரே பாட்டிலில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தார்கள். போலீஸ் ஜீப் சத்தம் கேட்டால் ஒரே வண்டி நிழலில் பத்துப் பேர் முட்டிக்கொண்டு ஒளிந்தார்கள். நோய் பரவ இதைவிட நல்ல வழி உண்டா?

ஆகவே நம் முன்னால் இருந்த கேள்வி ஆடலாமா வேண்டாமா என்பதாக இல்லை. ஒளிந்து ஆடும் கூட்டமா, வெளிச்சத்தில் ஒழுங்காக ஆடும் சிறு குழுவா? இதுதான் கேள்வி. கட்டுப்பாடுகள் தளர்ந்த நாட்களில் நம் ஊர்ப் பெரியவர்கள் சிலரும் இளைஞர்கள் சிலரும் சேர்ந்து இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தோம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எப்போதும் ஆட வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. முதல் ஊரடங்கில் பந்தைத் தொடாமல் இருந்தது சரி. 2021 மே 10 அன்று மறுபடியும் முழு ஊரடங்கு வந்தது. ஆக்சிஜனுக்காக ஆம்புலன்ஸ்கள் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நின்ற நாட்கள் அவை. அந்த ஜூன் மாதம் மற்ற மாவட்டங்களுக்குத் தளர்வு தந்தபோதும் தொற்று குறையாத 11 மாவட்டங்களில் ஒன்றாக நம் திருப்பூர் இருந்தது. அப்போதும் பந்தை மூட்டை கட்டி வைத்தது சரி. ஆட்டம் நடத்துகிறவனுக்கு எப்போது தொடங்குவது என்று தெரிவதைவிட எப்போது நிறுத்துவது என்று தெரிய வேண்டும்.

விளையாடுகிற உடம்புக்கு நோய் வராது என்று சில பையன்கள் சொல்வார்கள். அவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்வேன். ஹம்சக்கோயா. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்துப் பரப்பனங்காடிக்காரர். சந்தோஷ் டிராபி ஆடியவர், மோகன் பகான் அணிக்கு ஆடியவர். 2020 ஜூன் மாதம் மஞ்சேரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கொரோனாவில் இறந்தார். வாழ்நாள் எல்லாம் பந்தோடு ஓடிய கால்கள் அவை. நோய் கால்களைப் பார்த்து வருவதில்லை. ஆகவே வீரம் பேசி ஆட்டம் நடத்தக் கூடாது. அறிவோடு நடத்த வேண்டும்.

அந்த அறிவு எங்கிருந்து வரும்? உலகம் என்ன செய்தது என்று பார்த்தோம். ஜெர்மனியின் பெரிய லீக் 2020 மே 16 அன்று காலி அரங்கில் மறுபடியும் தொடங்கியது. நம் நாட்டில் ஐ.எஸ்.எல். போட்டி அந்த நவம்பரில் தொடங்கி, முழுக்க முழுக்க கோவாவிலேயே நடந்தது. வீரர்களை ஓட்டலில் அடைத்து, அடிக்கடி பரிசோதனை செய்து, வெளியாட்கள் நெருங்காமல் காத்து நடத்தினார்கள். பணம் இருந்தது, நடத்தினார்கள். அருள்புரத்துப் பையனுக்கு எந்த ஓட்டல்? எந்தப் பரிசோதனை?

நமக்குப் பயன்பட்ட பாடம் வேறு இடத்தில் இருந்தது. நெதர்லாந்து என்ற சின்ன நாடு. தொழில்முறைக் கால்பந்தை அவர்கள் நிறுத்தியே வைத்திருந்தார்கள். ஆனால் 2020 ஏப்ரல் 29 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகள் திறந்தவெளியில் சேர்ந்து விளையாடலாம் என்றார்கள். 13 முதல் 18 வரை ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டுப் பயிற்சி செய்யலாம். போட்டி கிடையாது, ஆனால் ஆட்டம் உண்டு. பாருங்கள், அந்த நாடு பெரியவர்களுக்கு முன்னால் குழந்தைகளுக்குக் கதவைத் திறந்தது! இங்கிலாந்தில் அந்த ஜூலை மாதம் ஊர்ப்புறக் கால்பந்துக்கு அனுமதி கொடுத்தபோது சில விதிகளைச் சொன்னார்கள். கூட்டம் முப்பதைத் தாண்டக் கூடாது. கை குலுக்கக் கூடாது. கோல் அடித்தால் கட்டிப்பிடிக்கக் கூடாது. துப்பக் கூடாது. வந்தவர் பெயரை எழுதி வைக்க வேண்டும்.

நம் நாட்டிலும் 2020 மே 17 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் விட்ட உத்தரவில், பார்வையாளர் இல்லாமல் விளையாட்டு அரங்குகளைத் திறக்கலாம் என்று இருந்தது. அதே உத்தரவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் 10 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றும் இருந்தது. அதனால் சின்னவர்களை அப்போது சேர்க்கவில்லை. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "அண்ணா, எங்களை எப்பங்ணா சேத்துவீங்க?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல முடியாமல் நின்றிருக்கிறோம். ஆனாலும் சேர்க்கவில்லை.

இவற்றையெல்லாம் நம் ஊருக்கு ஏற்றபடி சுருக்கினால் நான்கு சொற்கள் மிஞ்சும். காற்று. சிறு குழு. அதே முகங்கள். பெயர். இந்த நான்கும் இருந்தால் பணம் இல்லாமல் ஆட்டம் நடத்தலாம்.

முதலில் காற்று. மூடிய அறையில் ஒருவர் விடும் மூச்சு அங்கேயே சுற்றும். வெளியில் அது கலைந்து போகும். இதுதான் அறிவியல், இவ்வளவுதான். ஆகவே கூரை உள்ள எந்த இடமும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். விற்காமல் கிடந்த ஒரு சைட்டை உரிமையாளரிடம் கேட்டு வாங்கினோம். கருவேல முள்ளை வெட்டினோம். பாட்டில் ஓடுகளைப் பொறுக்கினோம். மண்ணைத் தட்டினோம். கோல் போஸ்ட்டுக்கு என்ன செய்வது? நூல் கோன் தீர்ந்த பிறகு மிஞ்சும் காலி அட்டைக் கூம்புகளில் மண் நிரப்பி நட்டு வைத்தார்கள் பிள்ளைகள். எந்தப் பயிற்சியாளரும் சொல்லிக் கொடுக்காத யோசனை. பனியன் ஊருப் பிள்ளைகள் அல்லவா!

இரண்டாவது சிறு குழு. பக்கத்துக்கு ஐந்து பேர். மலப்புறத்தில் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்துக்கு எவ்வளவு கூட்டம் சேரும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வயல் காய்ந்ததும் தொடங்கும் அந்த சீசன்கூட 2020 மார்ச்சில் பாதியில் நின்றது. ஆட்டத்தால் நிற்கவில்லை, கூட்டத்தால் நின்றது. நாங்கள் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு கூட்டத்தை விட்டுவிட்டோம். வேடிக்கை பார்க்க யாருக்கும் அனுமதியில்லை. ஒரு குழு ஆடி முடித்து வீட்டுக்குப் போன பிறகே அடுத்த குழு உள்ளே வரும்.

மூன்றாவது அதே முகங்கள். இதுதான் பிள்ளைகளுக்குக் கசப்பான விதி. இன்று இவனோடு, நாளை அவனோடு என்று மாற முடியாது. ஒரே லைன் வீட்டில், ஒரே தண்ணீர்த் தொட்டியில் புழங்கும் பிள்ளைகளை ஒரே குழுவில் போட்டோம். அவர்கள் ஏற்கெனவே ஒருவர் மூச்சை ஒருவர் பகிர்ந்தவர்கள். ஒரு குழுவில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் அந்தக் குழு மட்டும் நிற்கும். ஊர் முழுவதும் நிற்க வேண்டியதில்லை.

பெரிய திட்டங்களும் இதே கணக்கில்தான் நடந்தன என்று பிறகு பார்த்தோம். 2021 அக்டோபர் 27 அன்று தமிழ்நாடு அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. ஒரு தன்னார்வலர், இருபது பிள்ளைகள், அந்தந்தக் குடியிருப்பிலேயே, மாலை நேரத்தில். சிறு குழு, அதே முகங்கள்! பாடத்துக்குப் பொருந்துவது பந்துக்கும் பொருந்தும்.

ஆட்ட விதிகளையும் கொஞ்சம் மாற்றினோம். பந்து கோட்டைத் தாண்டினால் கையால் எறிவது கிடையாது, காலால்தான் உள்ளே தள்ள வேண்டும். கோல்கீப்பர் தவிர யாரும் பந்தைக் கையால் தொட வேண்டாம் என்பதற்காக. தண்ணீர் அவரவர் வீட்டிலிருந்து, அவரவர் பாட்டிலில். இரண்டு அணிக்கும் அடையாளம் வேண்டுமே? கட்டிங் வேஸ்ட்டிலிருந்து சிவப்புத் துண்டும் நீலத் துண்டும் எடுத்து, ஓவர்லாக் அடித்து, ஆளுக்கு ஒன்று தைத்துக் கொடுத்தார் ஒரு தாய். அதை வீட்டுக்கு எடுத்துப் போய்த் துவைத்து மறுநாள் கொண்டு வர வேண்டும். இங்கே ஏராளமான கம்பெனிகள் பனியனை விட்டு மாஸ்க் தைத்த காலம் அது. நம் ஊர் தைத்த மாஸ்க்கை உலகம் போட்டது. நம் பிள்ளைகளும் போட்டார்கள். மைதானத்துக்குள் ஓடும்போது மட்டும் கழற்றிப் பைக்குள் வைத்தார்கள்.

ஒன்று தெரியுமா? ஆபத்து ஆட்டத்துக்குள் இருந்ததைவிட ஆட்டத்துக்கு முன்னும் பின்னும்தான் அதிகம் இருந்தது. ஓடும்போது பிள்ளைகள் பிரிந்து ஓடுகிறார்கள். முடிந்ததும் பேக்கரி முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தோளில் கை போட்டுப் போகிறார்கள். ஒரே டூவீலரில் மூன்று பேர் ஏறுகிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தை ஒழுங்குபடுத்துவதுதான் கடினம். அதற்குப் பெரியவன் ஒருவன் கடைசிப் பிள்ளை தெரு திரும்பும் வரை நிற்க வேண்டும். விசில் ஊதுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை.

பெற்றோர்கள் கேட்டார்கள். நியாயமாகவே கேட்டார்கள். "ஏனுங்க, இத்தனை பேரு சாகறப்ப பையனை ஆட உடறது தப்புங்களா இல்லீங்களா? ஊட்டுல எங்க அம்மா இருக்குதுங்க, சுகர் வேற." அந்தத் தாயிடம் அச்சத்தை விடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. "சரிங்கம்மா, பாட்டிக்குத் தடுப்பூசி போடற வரைக்கும் அவன் தனியா பந்து தட்டட்டும், வீட்டுக்கு வெளியிலேயே கை கால் கழுவிட்டுப் போகட்டும்" என்றோம். அவன் குழுவோடு ஆடவில்லை. சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருந்தான். ஆனால் அவன் பெயரும் எங்கள் வருகை நோட்டில் இருந்தது. கவனியுங்கள், ஆடாதவன் பெயரும் நோட்டில் இருந்தது!

இப்போது நான்காவது சொல்லுக்கு வருகிறேன். பெயர். என் பேச்சின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

ஒரு சாதாரண கோடு போட்ட நோட்டு. பிள்ளையின் பெயர், வயது, வகுப்பு, எந்த லைன் வீடு, அப்பா அம்மாவின் போன் நம்பர், வீட்டில் வயதானவர் உண்டா? நாள்தோறும் ஒரு டிக். யாருக்காவது தொற்று வந்தால் யாரோடு ஆடினான் என்று கண்டுபிடிக்கத்தான் அந்த நோட்டைப் போட்டோம். சுகாதாரத்துக்காகப் போட்ட நோட்டு. அது வேறு ஒன்றைக் காட்டத் தொடங்கியது.

ஒரு பையன் வரவில்லை. ஒன்பதாம் வகுப்பு. இடது காலால் நன்றாக ஆடுவான். மறுநாளும் டிக் இல்லை. காய்ச்சலோ என்று பதறி அவன் அம்மாவுக்குப் போன் செய்தோம். "இல்லீங்க, நல்லாத்தான் இருக்கறான். கம்பெனியில டெய்லருக்குக் கைமடிக்குப் போறானுங்க. சும்மா இருக்கறதுக்கு வாரத்துக்கு நாலு காசு வருதுங்களே" என்றார். அவர் குரலில் சந்தோஷம் இல்லை, வெட்கமும் இல்லை. வாடகை இருந்தது.

இன்னொரு பெயருக்கு நேரே டிக் நின்றது. பிறகு இன்னொன்று. ஒவ்வொரு வெற்றுக் கட்டமும் ஒரு பிள்ளை. கைமடிக்குப் போனவன், செக்கிங் டேபிளில் நின்றவள், லேபிள் அடுக்கப் போனவன். பள்ளிக்கூடம் மூடியிருந்ததால் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு மூடியிருந்தது. யார் படிப்பை விட்டு நழுவுகிறார்கள் என்று எந்த அலுவலகத்துக்கும் தெரியாது. மைதானத்து நோட்டுக்குத் தெரிந்தது.

14 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரை ஆபத்தான தொழிலில் வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. 2016இல் திருத்திய சட்டம் அது. சட்டம் தாளில் இருக்கிறது. பிள்ளை எங்கே இருக்கிறது? அதைச் சொல்ல ஒருவர் வேண்டாமா?

அந்த இடது கால் பையனின் வீட்டுக்கு, அவன் குழுப் பிள்ளைகளையும் அவன் பள்ளி ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு போனோம். யாரையும் குறை சொல்லவில்லை. பள்ளி திறந்ததும் அனுப்பிவிட வேண்டும் என்று மட்டும் கேட்டோம். அதுவரை மாலை நாலரை மணிக்கு மைதானத்துக்கு விட வேண்டும் என்று கேட்டோம். விட்டார்கள். 2021 செப்டம்பர் 1 அன்று அவன் பத்தாம் வகுப்புக்குப் போனான். எல்லோரும் போனார்களா? இல்லை. சிலர் இன்றும் பவர் டேபிளில் இருக்கிறார்கள். அவர்களில் ஓரிருவர் இந்த அரங்கில் பின்வரிசையில் நிற்கிறார்கள். தம்பிகளே, உங்கள் உழைப்புக்குத் தலை வணங்குகிறேன். உங்கள் தம்பிக்கும் தங்கைக்கும் அது நேரக் கூடாது என்பதற்காகத்தான் பேசுகிறேன்.

தோழர்களே, நம் ஊர் எண்ணாத பொருள் உண்டா? பீஸை எண்ணுகிறோம். டஜனை எண்ணுகிறோம். நூலைக் கிலோவில் நிறுக்கிறோம், துணியின் ஜிஎஸ்எம்மைப் பார்க்கிறோம், டாலர் ஏறுவதையும் இறங்குவதையும் காலையும் மாலையும் பார்க்கிறோம். ஒரு கார்ட்டனில் ஒரு பீஸ் குறைந்தால் ராத்திரி முழுவதும் தேடுகிறோம். ஒரு பிள்ளை குறைந்தால் தேட வேண்டாமா?

வடமாநிலத்துப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் பேச்சு பாதிதான். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம்மோடு உழைக்கும் குடும்பங்கள் இங்கே எத்தனை! 2020 மே 1 முதல், வெளிமாநிலத் தொழிலாளர்களை ஊருக்குக் கொண்டு போகும் சிரமிக் ரயில்கள் ஓடத் தொடங்கின. திருப்பூரிலிருந்தும் ஓடின. மூட்டை முடிச்சோடு போனவர்கள் பலர். போக முடியாமல் இங்கேயே தங்கியவர்களும் உண்டு. தங்கியவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியும் இல்லை, சொந்தமும் இல்லை, பேச்சுத் துணையும் இல்லை.

அவர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் பந்து வேலி தாண்டி விழுந்தது. அங்கே நின்ற ஒரு பையன் அதைக் காலால் நிறுத்தி, ஒரு முறை தட்டித் தூக்கி, நேராகக் கோல் போஸ்ட்டுக்குள் அனுப்பினான். நம் பிள்ளைகள் வாய் பிளந்து நின்றார்கள். அவன் வந்த ஜார்க்கண்டில் கிராமத்துக்குக் கிராமம் கால்பந்துப் போட்டி நடக்கும், ஜெயித்தவர்களுக்கு ஆட்டுக்கிடாய் பரிசு, அதற்குக் கஸ்ஸி டோர்னமென்ட் என்றே பெயர் என்று பிறகுதான் நம் பிள்ளைகள் தெரிந்துகொண்டார்கள். அவனுடைய லைன் வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துத் தனிக் குழு போட்டோம். நோட்டில் அவன் பெயரும் ஏறியது. வாடகைக்கு வந்தவன் என்று அது வரை சொன்னவர்கள், எங்க டீம் லெப்ட் விங் என்று சொல்லத் தொடங்கினார்கள்.

அதே ஜார்க்கண்டில் ராஞ்சிக்குப் பக்கத்தில் 'யுவா' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 2009 முதல் கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறார்கள். சிறு வயதுக் கல்யாணத்துக்குத் தள்ளப்படும் பெண் பிள்ளைகளைப் பந்தின் வழியாகப் பள்ளியில் நிறுத்துகிறார்கள். 2019இல் லாரியஸ் விளையாட்டு விருது அவர்களுக்குக் கிடைத்தது. விருது போகட்டும். பந்தை வைத்துப் பிள்ளையைப் பள்ளியில் பிடித்து நிறுத்த முடியும் என்று அவர்கள் காட்டிவிட்டார்கள். நம்மால் முடியாதா?

பெண் பிள்ளைகள் என்றதும் தாய்மார்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். உங்களில் பலர் ஷிப்ட் போகிறவர்கள். நூறு வருடத்துக்கு முன்னால் உங்களைப் போலவே ஷிப்ட் போன பெண்களின் கதை இது. இங்கிலாந்தில் பிரெஸ்டன் என்ற ஊர். பருத்தி ஆலைகளால் வளர்ந்த ஊர், நம் ஊருக்குத் தூரத்து உறவு. முதல் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போக, டிக் கெர் என்ற தொழிற்சாலையில் பெண்கள் வெடிமருந்து வேலை செய்தார்கள். டீ நேரத்தில் தொழிற்சாலை முற்றத்தில் பந்து உதைத்தார்கள். 1917 கிறிஸ்துமஸ் அன்று காயம்பட்ட வீரர்களின் மருத்துவமனைக்கு நிதி திரட்ட ஓர் ஆட்டம் ஆடினார்கள். 10,000 பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டு உலகத்தையே உலுக்கிய விஷக் காய்ச்சல் வந்தது. அந்தக் காலத்தையும் தாண்டி அந்த அணி நின்றது. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் அவர்கள் ஆடியபோது வந்த கூட்டம் 53,000! ஒரு வருடம்கூட முடியவில்லை. 1921 டிசம்பர் 5 அன்று, கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லித் தன் மைதானங்களை அவர்களுக்கு மூடியது அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம். நோயால் நிற்காத ஆட்டத்தை ஒரு பூட்டு நிறுத்தப் பார்த்தது.

நம் நாட்டுக்கு வாருங்கள். 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி மணிப்பூரை வென்று தேசியச் சாம்பியன் ஆனது. 2019இல் மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றது. அதே 2019இல் இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டரில், கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டு சென்னை சிட்டி அணி ஐ-லீக் கோப்பையைத் தூக்கியது. கொங்கு மண்ணுக்குக் கால்பந்து அந்நியமா? நம் பெண் பிள்ளைகளுக்கு அந்நியமா? மாலை நாலரைக்கு ஒரு குழு பெண்களுக்கு என்று ஒதுக்கியபோது முதலில் வந்தவர்கள் சிலர்தான். தாய் ஒருத்தி வந்து ஓரமாக உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த பிறகு மற்றவர்களும் தங்கள் பெண்களை அனுப்பினார்கள். ஒரு தாய் உட்கார்ந்த இடம் ஆயிரம் அறிவிப்புப் பலகைக்குச் சமம்.

5 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடல் இயக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த வழிகாட்டலை அவர்கள் வெளியிட்டது எப்போது? 2020 நவம்பரில். பெருந்தொற்றின் நடுவில்! ஆட்டம் என்பது பண்டிகைக்கு மட்டும் கிடைக்கும் பலகாரம் என்று நினைக்காதீர்கள். அது அன்றாடச் சோறு.

2023 மே 5 அன்று கொரோனா அவசர நிலை முடிந்தது என்று அறிவித்தார்கள். நாம் மாஸ்க்கைக் கழற்றினோம். பிள்ளைகள் அதற்கு முன்பே பள்ளிக்குத் திரும்பியிருந்தார்கள். அந்தச் சைட்டில் இப்போது வீடு கட்டி விட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, அது அவர்கள் சொத்து. ஆனால் நம் சொத்து எங்கே? பெரிய மனைப்பிரிவு போடும்போது பத்தில் ஒரு பங்கு நிலத்தைப் பொதுவுக்கு விட வேண்டும் என்பது விதி. ரிசர்வ் சைட் என்று நாம் சொல்கிறோமே, அதுதான். நம் நகர்கள் பலவற்றில் இருக்கிறது. சிலவற்றில் குப்பை கிடக்கிறது. சிலவற்றில் முள் வளர்ந்திருக்கிறது. சிலவற்றில் யாரோ வண்டி நிறுத்துகிறார்கள். அது நம் பிள்ளைகளின் பெயரில் இருக்கும் நிலம். கேட்கத்தான் ஆளில்லை.

அடுத்த தொற்று வருமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. வந்தால் இடம் தேடி அலையக் கூடாது. வராவிட்டாலும் பிள்ளைகள் ஆடட்டும். ஆகவே மூன்று வேலைகளைக் கேட்டு முடிக்கிறேன்.

பெற்றோர்களே, அடுத்த கிராம சபைக்கு வாருங்கள். எழுந்து நின்று கேளுங்கள். எங்கள் நகரின் ரிசர்வ் சைட் எது? அதன் அளவு என்ன? அதைச் சுத்தம் செய்து பிள்ளைகளுக்கு எப்போது தருவீர்கள்? தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதும் வரை உட்காராதீர்கள்.

கம்பெனி நடத்தும் பெரியவர்களே, உங்களிடம் பணம் கேட்கவில்லை. உங்கள் வாசலுக்கு வேலை கேட்டு ஒரு பிள்ளை வந்தால், வயதைக் கேளுங்கள், பள்ளியின் பெயரைக் கேளுங்கள், எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். அவன் குடும்பத்துக்கு வழி தேடுவது நம் எல்லோருடைய வேலை.

இளைஞர்களே, உங்கள் வேலைதான் பெரிது. ஒரு தெருவுக்கு ஒருவர் பொறுப்பெடுங்கள். உங்கள் தெருவில் உள்ள பிள்ளைகள் யார் யார் என்று இந்த வாரமே எழுதுங்கள். தமிழ் பேசுகிறவன், ஒடியா பேசுகிறவன், ஆடத் தெரிந்தவன், தெரியாதவன், ஆண், பெண், நொண்டி நடப்பவன், யாரும் விட்டுப்போகக் கூடாது. பந்து வாங்கப் பணம் இல்லை என்று சொல்லாதீர்கள். பந்து கிடைத்துவிடும். விட்டுப்போன பிள்ளைதான் எளிதில் திரும்பக் கிடைப்பதில்லை.

நாளை மாலை நாலரை மணிக்கு முதல் கூட்டம். முள் வெட்ட அரிவாள் உள்ளவர்கள் அரிவாளோடு வாருங்கள். கூடை உள்ளவர்கள் கூடையோடு வாருங்கள். பிள்ளை உள்ளவர்கள் பிள்ளையோடு வாருங்கள்.